செருப்பு கண்ட மலையும் நாம் கண்ட மலையும்

ஜெர்மனி தேசத்தில் டிரெஸ்டன் நகருக்கு அப்பால், எல்ப் நதியின் இரு கரைகளிலும் மணற்பாறை மலைகள் இருக்கின்றன. மைசூர்ப்பாகைக் கத்தியால் வெட்டித் தட்டில் நிறுத்தினாற்போல் அடுக்கடுக்கான பாறைச் சுவர்கள்; அவற்றின் நடுவே இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாத இடுக்குகள்; தலைக்கு மேலே ஒரு முழ அகலத்துக்கு ஆகாயம். 'சாக்ஸன் ஸ்விட்ஸர்லாந்து' என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர். விடுமுறை நாளில் அந்நாட்டுக் குடும்பங்கள், பாட்டி முதல் பேரன் வரையில், முதுகில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே காட்டு வழியில் நடக்கப் புறப்பட்டுவிடுகின்றன. நடக்கிறவர்களின் காலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தப் பாதரட்சைகளில் சில ஜோடிகளாவது நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோலினால் ஆனவை என்பதில் சந்தேகமே இல்லை. இந்தியாவிலிருந்து தோல் காலணிகளை நிறைய வாங்கும் தேசங்களில் ஜெர்மனி ஒன்று.

ஆக, ஆம்பூர்ச் செருப்பு உலகத்து மலையிடுக்குகளை எல்லாம் பார்த்துவிட்டது. ஆம்பூர்க்காரர்கள் பார்த்தார்களா என்றால், அதுதான் இல்லை! அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெற்கே ஜவ்வாது மலை தெரிகிறது. தென்மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஏலகிரி. "மலையில் என்ன ஐயா இருக்கிறது? கல் இருக்கிறது!" என்பார்கள். கல் இருக்கிறது என்பது வாஸ்தவம். என்ன கல், எத்தனை காலத்துக் கல் என்பதில் அல்லவா இருக்கிறது விசேஷம்?

நம்முடைய சிநேகிதர் ஒருவர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். அவருடைய பெண் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். மேலே சொன்ன ஜெர்மனி மலையின் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "மாமா! நம் ஊர்ப் பக்கத்தில் இந்த மாதிரி ஒன்றும் கிடையாதா?" என்று அவள் நம்மைக் கேட்டாள். "இந்த மாதிரி கிடையாது. இதைவிடக் கிழமானது இருக்கிறது" என்றோம். கிழம் என்ற வார்த்தையைக் கேட்டு அவள் முகம் சுருங்கிவிட்டது. வார்த்தையை நிரூபித்துக் காட்டவேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுந்தது. கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதர், அவர் மனைவி, பெண், நாம் ஆக நாலு பேரும் ரயில் ஏறினோம்.

ஆம்பூரிலிருந்து ஜோலார்ப்பேட்டை வரைக்கும் ரயில், பாலாற்றுப் பள்ளத்தாக்கிலேயே போகிறது. நாமும் அந்த வழியில் பலமுறை போயிருக்கிறோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தூங்குவதற்கு அதைவிட நல்ல பாதை தென்னிந்தியாவில் இல்லை. அன்று மட்டும் தூங்காமல் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு பக்கம் மணலாய்க் கிடக்கும் ஆறு. இரு பக்கமும் மலைகள். அந்த மலைகளில் ஒன்றாவது மணற்பாறை மலையைப்போல் சுவரெடுத்து நிற்கவில்லை. எல்லாம் உருண்டை, யானை படுத்திருப்பது போலவும், நெல்லைக் குவித்தது போலவும், யாரோ உருட்டி வைத்துவிட்டு மறந்துபோன மாவுருண்டை போலவும். இந்த உருண்டைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

ஏலகிரிக்கு மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர் பெயரோ, பழைய வள்ளல் பெயரோ சூட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாத பிள்ளைகளும் இந்தப் பஸ்ஸில் போனால் கடையெழு வள்ளல்களைத் தெரிந்துகொள்ளலாம். வள்ளல் ஒருவர் பெயர் கொண்ட வளைவிலே, பக்கத்து ஆசனத்து மனிதர் தாம் காலையில் சாப்பிட்டதை எல்லாம் தாராளமாகக் கொடுத்துவிட்டார் என்பதைத் தவிர, பிரயாணம் சுகமாகவே இருந்தது.

மேலே அத்தனாவூரில் படகும் பூங்காவும் பஜ்ஜிக் கடையும் இருக்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் அத்துடன் திருப்தி அடைந்து திரும்பிவிடுகிறார்கள். நாம் நிலாவூருக்குப் போய், வனத்துறையாரிடம் சொல்லிவிட்டு, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டோம். மலையாளிகள் என்று வழங்கும் மலைவாசிகளில் ஒருவர். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள் கொள்ளவேண்டுமே அல்லாது, கேரளத்தாருடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களிடையே ஒரு கதை உண்டு. நிலாவூரிலிருந்து காட்டு வழியாக மலையின் மறுபுறம் ஐந்தாறு கிலோமீட்டர் இறங்கினால் ஜலகாம்பாறை நீர்வீழ்ச்சி.

பெரியவர் வெறுங்காலுடன் முன்னே நடந்தார். ஏற்றுமதிக்கென்று தைத்து, ஏதோ ஒரு தையல் கோணலாகப் போனதால் ஊரிலேயே தங்கிவிட்ட உயர்ந்த பாதரட்சை ஒன்றைச் சிநேகிதர் போட்டுக்கொண்டிருந்தார். முதல் அரை மணி நேரத்தில் அவர் மூன்று தடவை வழுக்கினார். பெரியவர் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. "ஐயா, அதக் கழட்டிக் கையில வச்சிக்கிங்க, காலுக்குத்தான் கண்ணு இருக்குது, செருப்புக்கு இல்ல" என்றார் பெரியவர். இருபது வருஷம் செருப்பினால் ஜீவனம் செய்தவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மரங்கள் விலகி ஒரு பெரிய பாறை முதுகு தென்பட்டது. மேலே வெங்காயத் தோல் உரிவது போல் அரையடி, ஓரடிக் கனத்துக்குக் கல் தகடு தகடாகப் பெயர்ந்து நின்றது. பெண் அதைத் தட்டிப் பார்த்தாள். தவலையைத் தட்டினாற்போல் 'டங்' என்று சத்தம் கேட்டது. "அடுக்கு இருக்கிறதே மாமா! இது மணற்பாறை இல்லையா?" என்றாள்.

இங்கேதான் நாம் ரயிலில் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறோம். மணற்பாறை என்பது ஆறும் கடலும் காற்றும் கொண்டுவந்து படியவிட்ட மணல், ஒரு பரப்பின் மேல் ஒரு பரப்பாக இறுகிக் கல்லானது. ஆகையால் அதன் அடுக்கு பிறவியிலேயே வந்தது. ஏலகிரிப் பாறை அப்படி இல்லை. பூமிக்குள்ளே வெகு ஆழத்தில், உருகிய குழம்பாக மேலே வந்து, வெளியே வர வழியில்லாமல் அடியிலேயே மெள்ளக் குளிர்ந்து உறைந்தது. ஸயனைட் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் இதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். உறைந்து ஏறக்குறைய 75 கோடி வருஷம் ஆகிறதாம். மேலே இருந்த மண்ணும் கல்லும் யுகக் கணக்கில் கரைந்துபோக, பாரம் குறைந்த பாறை விம்முகிறது. விம்மும்போது மேல்தோல் வெடிக்கிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மழையும் அந்த வெடிப்பை அகலப்படுத்துகின்றன. மூலைகள்தாம் முதலில் தேய்கின்றன. எனவே சதுரமாய்ப் பிளந்த கல்லும் நாளடைவில் உருண்டையாகிவிடுகிறது. பாலாற்றுப் பக்கத்து மலைகளில் உருண்டைகள் இத்தனை பெருகியதற்கு இதுவே காரணம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மணற்பாறைக்கு மூலப்பொருள் மணல்; மணலில் பெரும்பாகம் நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக் கல்லின் பொடி. ஸயனைட்டிலோ வெங்கச்சங்கல் மிகவும் அபூர்வம். ஆகவே, நல்ல மணற்பாறை ஆவதற்குக்கூட இந்த ஏலகிரிக்கு யோக்கியதை போதாது என்று பெண் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்! அந்த எல்ப் நதிக்கரை மணற்பாறைக்கு வயது பத்துக் கோடி வருஷத்துக்கு மேல் போகாது என்றும், ஏலகிரி அதற்கு ஏழு மடங்கு மூத்தது என்றும் சொன்ன பிறகுதான் கொஞ்சம் மரியாதை பிறந்தது.

ஏலகிரியே குழந்தை என்று சொல்லும்படியான கிழவர் எதிரே ஜவ்வாது மலையில் இருக்கிறார். அங்கே கரும்பச்சை நிறத்தில் மெருகு பிடிக்கும் ஒரு கல் உண்டு. வயது சுமார் 250 கோடி வருஷம். சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இந்த ஜாதிக் கல்தான். இதற்கு உலகமெங்கும் வழங்கும் பெயர் 'சார்னோகைட்'. ஏன் தெரியுமா? கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து இந்தக் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். தாமஸ் ஹாலந்து என்ற ஆங்கில நிபுணர் 1893-ஆம் ஆண்டில் அந்தச் சமாதிக் கல்லைக் கொண்டே இதற்கு நாமகரணம் செய்துவிட்டார். 250 கோடி வருஷமாகத் தமிழ்நாட்டில் கிடந்த கல்லுக்கு, இருநூறு வருஷத்துக்கு முன் இறந்துபோன வியாபாரியின் பெயர்! கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்ற பட்டமாவது அவருக்கு நிலைத்ததா என்றால், அவரை அவ்விதம் சொல்லக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டில் கல்கத்தா ஹைகோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பட்டம் போயிற்று, நம் கல் மட்டும் இன்னும் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இறங்க இறங்கத் தண்ணீரின் சத்தம் வந்தது. முதலில் சருகு அசைவது போல். பிறகு பக்கத்து வீட்டில் அரிசி புடைப்பது போல். இரண்டு பக்கமும் பாறைகள் நெருங்கி வந்து, ஓடை ஓர் இடுக்கில் நுழைந்தது. ஜெர்மனிச் சுவர்போல் நேராக வெட்டிய இடுக்கு அல்ல. இரண்டு பெரிய விலாக்கள் சாய்ந்து நின்று நடுவே வழி விட்டாற்போல் இருந்தது. மேலே அத்தி மரம் ஒன்று வேரைக் கயிறுபோல் பாறை வெடிப்பில் இறக்கியிருந்தது. வெடிப்பு எங்கே போகிறதோ அங்கே வேர். வேர் எங்கே போகிறதோ அங்கே தண்ணீர்.

ஓடையின் அடிப்பாறையில் உரல் உரலாகக் குழிகள். சிலது கிண்ணம் அளவு, சிலது ஆளை விழுங்கும் ஆழம். பெண் ஒன்றில் கையை விட்டு, அடியிலிருந்து நாலைந்து கூழாங்கற்களை எடுத்தாள்; கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருந்தன. அந்தக் கூழாங்கற்கள்தாம் குழியைத் தோண்டிய கருவிகள்! வெள்ளம் சுழலும்போது கல்லும் சுழல்கிறது. அது உரலில் குழவிபோலப் பாறையை அரைத்து அரைத்து ஆழமாக்குகிறது. ஜவ்வாது மலையிலும் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. பெயர் பீமன் நீர்வீழ்ச்சி. நம் நாட்டில் பெரிய கல்லையும் பெரிய பள்ளத்தையும் கண்டால் பீமன் தலையில் போட்டுவிடுவது வழக்கம். பீமன் ஒரே நாளில் செய்யக்கூடியதை ஒரு கூழாங்கல் பல ஆயிரம் வருஷம் உட்கார்ந்து செய்திருக்கிறது என்பது நமக்கு அதைவிட ஆச்சரியமாகப் படுகிறது.

பாறைமேல் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். தலைக்கு மேல் வெயில். மேகமே இல்லை. பெரியவர் மட்டும் சாப்பிடாமல் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, "அம்மா, பாப்பாவக் கூட்டிக்கிட்டு மேல ஏறுங்க. சோறு அப்புறம்" என்றார். சிநேகிதர் காரணம் கேட்கத் தொடங்கினார். "தண்ணி நெறம் மாறிச்சின்னா கேள்வி கேக்கக் கூடாதுங்க ஐயா, ஏறிடணும்!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார் பெரியவர். தெளிந்த நீரில் தேநீர் கலந்தாற்போல் லேசான பழுப்பு. நம் கண்ணுக்கு அது ஒன்றும் பிரமாதமாகத் தெரியவில்லை. நாலு பேரும் தொற்றிக்கொண்டு ஏறி மேட்டில் நின்றோம். கால் மணி நேரம் ஆகியிராது. மேலே எங்கேயோ பெய்த மழை, சருகும் சுள்ளியுமாக இடுக்கில் புகுந்து வந்தது. நாம் உட்கார்ந்திருந்த பாறை மறைந்தது. புளியோதரைப் பொட்டலங்களில் ஒன்று சுழன்று சுழன்று ஓர் உரல் குழிக்கு மேலே நடனம் ஆடிவிட்டுப் போயிற்று. சிநேகிதரின் மனைவி பெண்ணின் தோளை விடவே இல்லை. பிறகு பெரியவர் எதிரே ஒரு மரக்கிளையைச் சுட்டிக் காட்டினார். இரண்டாள் உயரத்தில் காய்ந்த சருகுக் கொத்து சிக்கியிருந்தது. "அது போன வருச வெள்ளம்" என்றார். மலையிடுக்குக்குப் போகிற குடும்பங்கள் மழைக்காலத்தில்தான் போக ஆசைப்படுகின்றன; கோடையில் தண்ணீர் இராது. போகட்டும். ஆனால் இப்படி ஒரு மனிதர் துணையில்லாமல் போகவேண்டாம்.

வெள்ளம் வடியக் காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் பெரியவர் சொன்ன சமாசாரங்கள் பல. ஒரு காலத்தில் மலைவாசிகள் காட்டிலிருந்து இறக்கியவை கடுக்காய், கொன்றைப் பட்டை, தேன், புளி. அடிவாரத்துத் தரிசுகளில் ஆவாரம்பட்டை உரிப்பார்கள். எல்லாம் வண்டி வண்டியாகத் தோல் பதனிடும் இடங்களுக்குப் போகும். ஆவாரம்பட்டையில் ஊறிக் கடுக்காயில் மெருகு ஏறிய தென்னாட்டுத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. பட்டை உரித்த ஆவாரையோ மறு மழைக்குத் துளிர்த்து, மஞ்சளாய்ப் பூத்துவிடும். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் பரிசோதனை தொடங்கிய குரோம் முறை, நாளடைவில் மற்ற எல்லாவற்றையும் ஓரத்தில் ஒதுக்கியது. வாரக்கணக்கில் பட்டைச் சாறு செய்த வேலையை குரோமிய உப்பு ஓரிரு நாளில் முடித்துவிடுகிறது. அந்தக் குரோமியமும் ஒரு கல்லிலிருந்து எடுப்பதுதான்; ஒரிஸ்ஸாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் அது வெட்டி எடுக்கப்படுகிறது. நம் மலையின் மரம் கொடுத்ததை வேறொரு மலையின் கல் கொடுக்கலாயிற்று.

சிநேகிதர் வெகு நேரம் மௌனமாக இருந்தார். கணக்குப் புத்தகத்தில் ரசாயனச் செலவு என்று ஒரு பக்கமும், கழிவு நீர்ச் சுத்திகரிப்புச் செலவு என்று மற்றொரு பக்கமும் எழுதுகிறவர் அவர். பாலாற்றங்கரைக் கிணறுகளின் கதை அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்று வேலூர் மக்களின் வழக்கில் தீர்ப்பளித்தார்கள். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே ஆற்றைப் பற்றி அதே கோர்ட்டார் மறுபடியும் கண்டித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டி இருந்தது. இடையில் இருபத்தெட்டு வருஷம்! இந்தத் தொழிலை மூடிவிட்டால் ஆயிரக்கணக்கான அடுப்பு எரியாது. அதையும் அவர் அறிவார், நாமும் அறிவோம். ஆயினும் அன்று ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளி, "ஆம்பூரில் இப்படி அள்ளிக் குடித்த ஞாபகம் எனக்குச் சின்ன வயசில் இருக்கிறது, இவளுக்கு இருக்கப்போவதில்லை" என்று பெண்ணைப் பார்த்து அவர் சொன்னபோது, நமக்குப் பதில் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

மணற்பாறையைப் பார்த்தே தீரவேண்டும் என்று பெண் பிடிவாதமாக இருந்தாள். அதற்கு ஜெர்மனி போக வேண்டியதில்லை. காட்பாடியிலிருந்து ரயில் ஏறித் திருப்பதிக்குப் போனால் போதும். தமிழகத்தின் வடவெல்லை என்று நம் முன்னோர் சொன்ன அந்த வேங்கடத்தில், மலையின் மேல்பாகம் பழைய கடல் மணல் அழுந்தி இறுகிய படிகப்பாறை. மணற்பாறையின் மூத்த அண்ணன் என்று சொல்லலாம். அடியில் இருப்பது நம் பக்கத்தைப் போன்ற கருங்கல். இரண்டும் சந்திக்கும் கோடு மலைப்பாதையின் வெட்டுகளில் தெரிகிறது. கோட்டுக்குக் கீழே ஒரு யுகம், மேலே ஒரு யுகம். நடுவில் ஐம்பது கோடி வருஷத்துக்குக் குறையாத இடைவெளிக்கு அடையாளமாக ஒரு கல்கூட இல்லை. மேலே சக்கர தீர்த்தத்துக்கு அருகே சிலாதோரணம் என்ற இயற்கை வளைவு, காற்றும் மழையும் குடைந்தது, வாசல் நிலைபோல் நிற்கிறது. கியூவில் பத்து மணி நேரம் நிற்கும் பக்தர்கள் இதற்கும் ஓர் அரை மணி ஒதுக்கினால், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறோம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, சிநேகிதரே முன்வந்து ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். ஆம்பூர் வட்டாரத்தில் மலையாம்பட்டு என்னும் ஊர், அங்கே அர்மாமலை. கல் சரிவில் ஏறிப்போனால் அகலமாக வாய் திறந்த இயற்கைக் குகை. சுமார் எட்டாம் நூற்றாண்டில் ஜைன முனிவர்கள் அதற்குள் மண் கல்லால் சுவர் எழுப்பி அறைகளாக்கி வாசம் செய்தார்கள். விதானத்திலும் சுவரிலும் சுதை பூசிச் சித்திரம் தீட்டினார்கள். தாமரைக் குளம், திசைக் காவலர்கள், ஆட்டுக் கடாவின் மேல் மனைவியுடன் ஏறி வரும் அக்கினி. சித்தன்னவாசல் சித்திரங்களுக்கு இவை உறவு. சித்தன்னவாசல் பெயரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். அர்மாமலையின் பெயரைச் சொல்ல ஆம்பூரிலேயே ஆளைத் தேடவேண்டும்.

இப்போது அங்கே இருப்பது சித்திரத்தின் மிச்சம்தான். ஓரிடத்தில் உள்ளங்கை அளவு பச்சை. ஓரிடத்தில் செம்மண் நிறக் கோடு வளைந்து, எதையோ வரையத் தொடங்கி, சுதை பெயர்ந்த வெள்ளைக்குள் மறைந்துபோகிறது. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது. பழகிய பிறகு இதழ் ஒன்று தெரிகிறது, தண்டு ஒன்று தெரிகிறது. கோடி கோடி வருஷம் நின்ற பாறையில் ஆயிரத்து இருநூறு வருஷத்துச் சுண்ணாம்புத் தகடு. அதுவும் மழைக்கு மழை கொஞ்சம் குறைகிறது. பெண் சத்தம் போடாமல் மல்லாந்து படுத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். சிநேகிதரின் மனைவி, "இதைக் கோலமாகப் போட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறதே" என்று சொல்லி, விரலால் தரைப் புழுதியில் அந்தத் தாமரையின் மிச்சத்தை முழுமையாக்கிப் பார்த்தார்.

வெளியே வந்தோம். வாசல் பக்கத்து உருண்டைக் கல் ஒன்றில் எவரோ ஒரு மகானுபாவர் தம் பெயரையும், தம் மனத்துக்குகந்தவள் பெயரையும் வெள்ளைப் பூச்சினால் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கைப்பேசி எண்ணையும் மறவாமல் குறித்திருந்தார். பெண் அதை ஒவ்வோர் எண்ணாக வாசித்துவிட்டு அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"போனைக் கொடுங்கள் அப்பா! கூப்பிட்டு, வந்து அழித்துவிட்டுப் போகச் சொல்லலாம்."